விதைத் தேயிலை, வீபீ தேயிலை: எதில் சிதறல் அதிகம் என்பதை எந்தச் சோதனையால் சொல்வது?

கேள்வி, ஜனவரி 14, மாலை

சேர், நான் விவசாய பீடத்தில் இறுதியாண்டு மாணவி. தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில் பழைய விதைத் தேயிலை மலை (தோட்டத்தின் ஒரு நிலப்பிரிவு) ஒன்றிலும் அதற்கு அடுத்த வீபீ (வெட்டுத்துண்டு நட்டு வளர்த்த தேயிலை) மலையிலும் செடி செடியாகக் கொழுந்து கொய்து நிறுத்தேன். மலைக்கு 24 செடி, மூன்று ரவுண்டு (கொய்யும் சுற்று), ஆகவே பக்கத்துக்கு 72 நிறைகள். விதைத் தேயிலையில் ஒவ்வொரு செடியும் தனிப் பிறவி. வீபீயில் எல்லாம் ஒரு தாய்ச்செடியின் வெட்டுத்துண்டுகள். எனவே விதை மலையில்தான் சிதறல் கூடுதலாக இருக்கும் என்று முன்மொழிவில் எழுதியிருந்தேன். இரண்டு மாறற்றிறன்களின் விகிதத்தைப் பார்க்கும் எஃப் சோதனையோ வீபீ மலையின் மாறற்றிறன்தான் (சிதறலின் அளவு) பெரிது என்கிறது. பார்ட்லெட் சோதனையும் லெவீன் சோதனையும் அதையே சொல்கின்றன. இடையத்தை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை) வைத்துச் செய்யும் லெவீன் மட்டும் வேறுபாடு இல்லை என்கிறது. நான்கில் எதை அறிக்கையில் போடுவது?

ஜனவரி 14, இரவு

நான்கு விடைகளையும் பார்த்த பிறகு ஒன்றைத் தெரிவு செய்வதுதான் இங்கே முதற் பிழை. சோதனையை நிறைகள் எப்படிப் பிறந்தன என்பதை வைத்துத் தெரிய வேண்டும். பி-பெறுமானத்தை (வேறுபாடே இல்லாதபோதும் இப்படியொரு விடை தற்செயலாக வரும் வாய்ப்பை) வைத்துத் தெரியக் கூடாது.

எஃப் சோதனையும், 1937இல் பார்ட்லெட் தந்த சோதனையும், தரவு செவ்வன் பரம்பலில் (மணி வடிவப் பரம்பலில்) இருந்து வந்தது என்ற நம்பிக்கையின் மேல் நிற்பவை. சராசரிகளை ஒப்பிடும் சோதனைகளுக்கும் இதே நிபந்தனை உண்டு. ஆனால் அங்கே மாதிரி பெருகப் பெருக அந்த நிபந்தனையின் பிடி தளர்ந்துவிடும். மாறற்றிறனில் அது தளர்வதில்லை. செவ்வன் பரம்பலில் ஒரு மாதிரியின் மாறற்றிறன் எவ்வளவு ஆடும் என்பதைச் சொல்லும் கணக்கில் 2 என்ற எண் வரும். பரம்பலின் வால் தடித்தால், அதாவது மையத்தில் இருந்து வெகு தூரம் நிற்கும் எண்கள் கூடினால், அந்த இரண்டோடு இன்னொரு தொகை சேரும். இருபுறமும் அடுக்குக்குறிப்படி இறங்கும் லாப்லாஸ் பரம்பலில் சேரும் தொகை 3, ஆகவே உண்மையான ஆட்டம் எஃப் சோதனை நினைத்திருப்பதைப் போல் இரண்டரை மடங்கு. ஆயிரம் செடியை நிறுத்தாலும் அந்த இரண்டரை மடங்கு அப்படியேதான் இருக்கும். இதனால்தான் ஜோர்ஜ் பொக்ஸ் 1953இலேயே இந்தச் சோதனைகளைப் பற்றி எச்சரித்தார்.

லெவீன் 1960இல் காட்டிய வழி எளிமையானது. ஒவ்வொரு நிறையும் தன் குழுவின் சராசரியில் இருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று எடுத்து, குறியை விட்டுவிட்டு, அந்தத் தூரங்களின் சராசரிகளை வழக்கமான மாறற்றிறன் பகுப்பாய்வால் ஒப்பிடுகிறோம். 1974இல் பிரவுனும் ஃபோர்சைத்தும் சராசரிக்குப் பதிலாக இடையத்தை வைத்தார்கள். ஒரு பக்கம் நீண்ட வாலுள்ள தரவுக்கு இது மிகவும் பொருந்தும். செடிக் கொழுந்தின் நிறை அப்படிப்பட்ட தரவுதான். ஆகவே இடையத்தை வைத்த சோதனையைப் போடுங்கள்.

ஜனவரி 15, காலை

நேற்றிரவு எழுதியதன் கடைசி வரியைத் திருத்த வேண்டும். வீபீ மலையின் சராசரி எவ்வளவு என்று கேட்காமலே சோதனையைப் பரிந்துரைத்துவிட்டேன்.

கணக்குக்காக மட்டும் ஐந்து எண்களை எடுக்கிறேன். விதை மலையில் 10, 15, 20, 30, 50 கிராம். வீபீ மலையில் ஒவ்வொன்றும் சரியாக இரு மடங்கு: 20, 30, 40, 60, 100 கிராம். முதற் குழுவின் சராசரி 25, மாறற்றிறன் 250. இரண்டாவதன் சராசரி 50, மாறற்றிறன் 1000. விகிதம் 4. ஆனால் இரண்டு மலைகளிலும் மிகப் பெரிய செடி மிகச் சிறிய செடியைப் போல் ஐந்து மடங்குதான் தருகிறது. செடிகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இருப்பது இரண்டிலும் ஒரே அளவு. வீபீ மலை கூடுதலாகச் சிதறவில்லை, கூடுதலாக விளைகிறது, அவ்வளவுதான்.

இந்த எண்களுக்கு மடக்கை எடுத்தால் இரண்டாம் குழுவின் ஒவ்வொரு எண்ணும் முதற் குழுவைவிட 0.693 மேலே நகர்ந்திருக்கும். இடைவெளிகள் ஒன்றும் மாறா. எனவே மடக்கை எடுத்த நிறைகளில் இடையத்தை வைத்த லெவீனைச் செய்தால் வேறுபாடு பூச்சியம் என்று வரும். மடக்கை எடுக்காமல் அதே சோதனையைச் செய்தால் விலகல்களின் சராசரிகள் 11, 22 என்றும், சோதனைப் பெறுமானம் 0.93 என்றும் வருகிறது. வேறுபாடு உண்டு என்று சொல்ல 5.32ஐத் தாண்ட வேண்டும். இங்கே அது தாண்டாததற்குக் காரணம் எண்கள் குறைவாக இருப்பதே. செடிகளைக் கூட்டிக்கொண்டே போனால் அந்த உறுதியான சோதனையும் ஒரு நாள் வீபீதான் சிதறுகிறது என்று சொல்லத்தான் செய்யும். தவறு சோதனையில் இல்லை, அதனிடம் கொடுத்த கேள்வியில் இருக்கிறது.

உங்கள் இரண்டு சராசரிகளையும் எழுதுங்கள்.

ஜனவரி 15, மாலை

வீபீ மலையின் சராசரி ஏறத்தாழ இரு மடங்கு என்கிறீர்கள். காலையில் நான் எடுத்த எண்கள் உங்கள் நிலைமைக்கே பொருந்திவிட்டன.

மடக்கை எடுப்பதை எல்லோருக்கும் எல்லா வேளையிலும் சொல்லும் மருந்தாக நான் சொல்லவில்லை. ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) கொழுந்து வாட்டும் தட்டுகள் ஒரு நாளைக்கு எத்தனை கிலோவைத் தாங்கும், எந்த நாளில் நிரம்பி வழியும் என்பது கேள்வியானால் கிலோக்களில் உள்ள சிதறல்தான் வேண்டும். அங்கே மடக்கை எடுப்பது கேள்வியை மறைப்பதாகும். உங்கள் கேள்வி பிறப்பைப் பற்றியது. தனித்தனியாக விதையில் பிறந்தவை ஒன்றுக்கொன்று எத்தனை மடங்கு வேறுபடுகின்றன என்று கேட்கிறீர்கள். மடங்கு என்ற சொல் வந்தால் மடக்கையும் வரலாம். மாறற் குணகம் சொல்வதும் ஏறத்தாழ இதையே. ஆனால் நியம விலகலையும் (மாறற்றிறனின் வர்க்கமூலம்) சராசரியையும் தனித்தனியே மதிப்பிட்டு வகுப்பதால், ஒரே ஒரு பெரிய செடி அந்த இரண்டையும் சேர்த்தே அசைத்துவிடும். மடக்கையின் சிதறலில் அந்த ஒற்றைச் செடியின் கை அவ்வளவு நீளாது.

ஜனவரி 17

பூச்சிய நிறைகளுக்கு மடக்கை இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். விதை மலையில் சில செடிகள் ஒரு ரவுண்டில் ஒன்றுமே தராமல், வாதெல்லாம் (கிளையெல்லாம்) மொட்டு உறங்கி நின்றிருக்கின்றன.

எல்லா நிறையிலும் 1ஐக் கூட்டி மடக்கை எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கிராமில் 1 கூட்டுவதும் கிலோவில் 1 கூட்டுவதும் வெவ்வேறு விடை தரும்; அலகை மாற்றினால் முடிவு மாறும் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள். பூச்சியத்தை நீக்கிவிடுவதும் கூடாது. உறங்கிய செடி விதை மலையின் சிதறலுக்கே சாட்சி. அதை நீக்கினால் நீங்கள் தேடுவதையே நீக்கியவர் ஆவீர்கள்.

செடி ஒன்றின் மூன்று ரவுண்டு நிறைகளையும் கூட்டிப் பாருங்கள். மூன்றிலும் உறங்கிய செடி ஏதும் இருக்கிறதா?

ஜனவரி 18, காலை

மேலே உள்ள குறிப்பை எழுதிவிட்டுப் படுத்த பிறகுதான் பெரிய பிழை எனக்குப் புலப்பட்டது. முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும். உங்களிடம் 72 நிறைகள் இல்லை. 24 செடிகள் இருக்கின்றன.

நான்கு சோதனைகளில் எதுவானாலும், உள்ளே போகும் ஒவ்வொரு எண்ணும் மற்றவற்றைச் சாராதது என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே செடியின் மூன்று ரவுண்டுகள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. முதல் ரவுண்டில் தழைத்த செடி அடுத்ததிலும் பெரும்பாலும் தழைக்கும். 72 என்று நினைத்துச் சோதனை தன் நம்பிக்கையை மிகையாக்கிக்கொள்கிறது. வால் தடிப்பது செய்யும் கேட்டைவிட இது பல வேளைகளில் பெரிய கேடு. செவ்வன் பரம்பலா இல்லையா என்று நாள் முழுக்கச் சண்டையிடுகிறோம், இதை ஒருவரும் கேட்பதில்லை.

இதில் இன்னொன்றும் கலந்திருக்கிறது. உங்கள் 72 எண்களின் சிதறல் இரண்டு சிதறல்களின் கூட்டு. ஒன்று, செடிக்குச் செடி உள்ள வேறுபாடு. மற்றது, ஒரே செடியில் ரவுண்டுக்கு ரவுண்டு வரும் ஏற்ற இறக்கம்: மழை, பனி, கொய்பவர் விட்டுவைத்த கொழுந்து, ரவுண்டு ஒரு நாள் தள்ளிப்போனது. விதைப் பிறப்பைப் பற்றிய உங்கள் கருதுகோள் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. வீபீ மலையில் ரவுண்டு ஏற்ற இறக்கம் பெரிதாக இருந்தால், செடிகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும் 72 எண்களின் மாறற்றிறன் ஊதிப்போகும்.

எளிய வழி: செடிக்கு ஒரு எண் என்று சுருக்குங்கள். மூன்று ரவுண்டின் மொத்தத்தை எடுத்து, அதற்கு மடக்கை எடுத்து, மலைக்கு 24 எண்களாக ஒப்பிடுங்கள். செடிகளுக்கு இடையிலான மாறற்றிறனோடு ரவுண்டு மாறற்றிறனின் மூன்றிலொரு பங்கு போன்ற ஒரு தொகை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்; அது இரண்டு மலைகளிலும் ஏறத்தாழச் சமம் என்றால் பாதகமில்லை. சமமில்லை என்றால் இரண்டு கூறுகளையும் ஒவ்வொரு மலைக்கும் தனித்தனியே மதிப்பிடும் கலப்பு மாதிரியமைப்புக்குப் போக வேண்டும். முதலில் எளியதைச் செய்யுங்கள்.

ஜனவரி 18, இரவு

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

ஆசிரியர் வேலை கிடைப்பதற்கு முன், 1980களின் நடுவில், ஒரு தோட்டத்தில் கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறை எழுதினேன். இரண்டு கங்காணிமாரின் ஆட்கள் பக்கத்துப் பக்கத்து மலைகளில் கொய்தார்கள். எந்தக் கூட்டத்தின் கொழுந்து நாளுக்கு நாள் கூடக் குறைய வருகிறது என்று பார்த்துச் சொல்லும்படி சின்னத்துரை (தோட்டத்தின் உதவி முகாமையாளர்) என்னிடம் கேட்டார். எனக்கு அப்போது பார்ட்லெட் சோதனை புதிதாகத் தெரிந்திருந்தது. ஒரு மாதத்துப் பேரேட்டை எடுத்து, ஒவ்வொரு பெண்ணின் ஒவ்வொரு நாள் நிறையையும் தனி எண்ணாக்கி, மடக்கை அட்டவணையை விரித்து வைத்து இரண்டு இரவுகள் கணக்குப் போட்டேன். விடை மிகப் பெரிதாக வந்தது. இரண்டாவது கூட்டந்தான் ஒழுங்கில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அந்தக் கூட்டத்தில் நால்வரை, லயத்தில் இருந்து ஒரு மணி நேரம் ஏற வேண்டிய மேல் மலைக்கு மாற்றினார்கள்.

பிறகு அந்த நால்வரில் ஒருவர் நிறை போட வந்தபோது, குற்றஞ்சாட்டும் குரலில் அல்ல, செய்தி சொல்லும் குரலில் சொன்னார்: அந்த மாதத்தில் கைப்பிள்ளைக்காரிகள் நாலு பேரும் கிளினிக் நாட்களில் பகலோடு இறங்கிவிட்டோம், அரைப் பேர்தான் (அரை நாள் சம்பளந்தான்) போட்டார்கள் என்று. பேரேட்டை மறுபடி பார்த்தேன். நாளுக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் வைத்த அளவுக்குச் சற்று மேலேயே ஏறத்தாழ எல்லா நிறைகளும் குவிந்திருந்தன. அந்த அளவை எட்டாவிட்டால் முழுப் பேர் கிடையாது என்பதால் எல்லோரும் அதை எட்டும்வரை கொய்தார்கள். நடுவில் இறுகக் குவிந்து, கிளினிக் நாட்களின் சில எண்கள் மட்டும் வெகு தூரம் தள்ளி நின்ற தரவு அது. பார்ட்லெட் சோதனைக்கு அதைவிட ஒவ்வாத தரவை ஒருவர் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சோதனை பேசியது வாலைப் பற்றி. நான் எழுதிக் கொடுத்தது ஒழுங்கைப் பற்றி.

அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். ரவுண்டு முடியட்டும் என்றார்கள். அந்த நால்வரும் அந்த ரவுண்டு முழுவதும் மேல் மலையில்தான் கொய்தார்கள்.

ஜனவரி 20

அன்சாரி–பிராட்லி சோதனை எந்தப் பரம்பலையும் எதிர்பார்க்காதே, அதைச் செய்தால் என்ன என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். 1960இல் வந்த அந்தச் சோதனை இரண்டு குழுக்களும் ஒரே இடத்தை மையமாகக் கொண்டவை என்று எடுத்துக்கொள்கிறது. 1954இல் வந்த மூட் சோதனையும் அப்படித்தான். மையங்கள் விலகியிருந்தால், இடமாற்றத்தைச் சிதறல் மாற்றம் என்றோ, உண்மையான சிதறல் மாற்றத்தை ஒன்றுமில்லை என்றோ அவை சொல்லிவிடும். தரநிலையை (எண்களை வரிசைப்படுத்தும்போது ஒவ்வொன்றும் பெறும் இடத்தை) வைத்துச் செய்யத்தான் வேண்டும் என்றால் ஃபிளிக்னர்–கில்லீன் சோதனை இருக்கிறது. இடையத்தைக் கழித்த பிறகே அது தரநிலை போடுகிறது. 1981இல் கொனோவரும் ஜோன்சன் என்ற பெயருடைய இருவரும் 56 சோதனைகளை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்த்தபோது, தேறிய மிகச் சிலவற்றில் இதன் திருத்திய வடிவமும் இடையத்தை வைத்த லெவீனும் இருந்தன.

ஜனவரி 21

எக்செல்லில் ஒரே தரவுக்கு இரண்டு பி-பெறுமானங்கள் வருவதாகச் சொல்பவருக்கு: எஃப் சோதனைச் சூத்திரம் இருபுறப் பெறுமானத்தைத் தருகிறது, தரவுப் பகுப்பாய்வுப் பொதியில் உள்ள எஃப் சோதனை ஒருபுறப் பெறுமானத்தைத் தருகிறது. ஒன்று மற்றதன் பாதியாக இருக்கும். எந்தப் பக்கம் பெரிது என்று தரவைப் பார்க்கும் முன்பே எழுதி வைக்காதவர் இருபுறத்தையே எடுக்க வேண்டும்.

ஜனவரி 23

மாணவியின் மேற்பார்வையாளர், சராசரிகளை ஒப்பிடுவதற்கு முன் லெவீன் சோதனை செய்து, அது சிதறலில் வேறுபாடு இல்லை என்றால் வழக்கமான டி சோதனையும், உண்டு என்றால் மாறற்றிறன்கள் சமம் என்று எதிர்பார்க்காத வெல்ச் சோதனையும் செய்யச் சொல்லியிருக்கிறார். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளின் வெளியீட்டில் லெவீன் பெட்டி முன்னால் வந்து, அதன் கீழ் இரண்டு வரிகள் இருப்பதால் இந்தப் பழக்கம் வேரூன்றிவிட்டது. அவர் சொல்வதில் மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. நானும் பல ஆண்டு அப்படித்தான் கற்பித்தேன். இப்போது அப்படிக் கற்பிப்பதில்லை.

மாதிரி சிறிதாக இருக்கும்போது, கேடு செய்யும் மாறற்றிறன் வேறுபாட்டைக்கூடக் காணும் கண் லெவீன் சோதனைக்கு இருக்காது. மாதிரி பெரிதாக இருக்கும்போது பொருட்படுத்த வேண்டாத வேறுபாட்டையும் அது பிடித்துக்காட்டும். பொக்ஸ் 1953இல் இதற்கு ஒரு உவமை சொன்னார்: பெருங்கப்பல் புறப்படக் கடல் அமைதியாக இருக்கிறதா என்று பார்க்கத் துடுப்புப் படகை அனுப்புவது போன்றது இது என்றார். வெல்ச் 1947இல் தந்த முறையை முன்சோதனை எதுவுமின்றி நேரே செய்யலாம். ஆர் மென்பொருளில் டி சோதனை கேட்டால் வெல்ச் முறையே இயல்பாக வரும்.

சராசரிக்கு வாசற்காவலாக வைக்கும் லெவீன் வேறு. சிதறலே கேள்வியாக இருக்கும்போது செய்யும் லெவீன் வேறு. உங்கள் ஆய்வில் இரண்டாவதுதான் இருக்கிறது. அதை மேற்பார்வையாளரிடம் பணிவாகச் சொல்லுங்கள்.

ஜனவரி 26

பொகவந்தலாவையில் இருந்து ஒருவர் கேட்கிறார்: தொங்கு தராசிலும் மின் தராசிலும் ஒரே சாக்குகளை நிறுத்தோம், எந்தத் தராசின் நிறைகள் கூடுதலாகச் சிதறுகின்றன என்று லெவீனால் பார்க்கலாமா? இயலாது, ஏனென்றால் இரண்டு பட்டியல்களும் ஒரே சாக்குகளின் பட்டியல்கள். இதற்கு 1939இல் பிட்மனும் மோர்கனும் தனித்தனியே ஓர் அழகான வழி கண்டார்கள். ஒவ்வொரு சாக்குக்கும் இரண்டு நிறைகளின் கூட்டுத்தொகையையும் வித்தியாசத்தையும் எழுதி, அந்த இரண்டு நிரல்களுக்கும் இடையே இணைபு (ஒன்று கூடும்போது மற்றதும் கூடும் அல்லது குறையும் போக்கு) இருக்கிறதா என்று பாருங்கள். மாறற்றிறன்கள் சமமானால் இணைபு பூச்சியம். சில சாக்குகள் வெகு தூரம் விலகி நின்றால் தரநிலை இணைபைப் பயன்படுத்துங்கள்.

ஆனால் அவர் உண்மையில் அறிய விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். நிறை போடும்போது அரைக் கிலோ, ஒரு கிலோ என்று போய்விடுகிறது என்ற மனக்குறை அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிறது. அது சிதறல் அல்ல. ஒரே பக்கமாக இழுக்கும் சாய்வு. வித்தியாச நிரலின் சராசரியைப் பாருங்கள், அங்கேதான் அது தெரியும். தராசின் நடுக்கத்தை அறிய வேண்டுமானால் ஒரே சாக்கை இருபது தடவை இறக்கி ஏற்றி நிறுங்கள்.

ஜனவரி 29

24 செடி போதுமா என்ற கேள்வி. செவ்வன் பரம்பலே என்று வைத்துக்கொண்டாலும், 5 வீத மட்டத்தில் இருபுறமும் பார்த்து வேறுபாடு உண்டு என்று சொல்ல, மலைக்கு 5 செடியானால் மாறற்றிறன் விகிதம் 9.60ஐத் தாண்ட வேண்டும். 10 செடியானால் 4.03, அதாவது ஒரு மலையின் நியம விலகல் மற்றதைப் போல் இரு மடங்கு இருந்தாலும் விளிம்பில்தான் நிற்கும். 24 செடியில் விகிதம் 2.3 அளவு வேண்டும், நியம விலகலில் ஒன்றரை மடங்கு. சராசரியை ஒப்பிட்டுப் பழகியவர்களுக்கு இந்தப் பசி வியப்பாக இருக்கும். 10 செடியில் இருந்து கணித்த நியம விலகலின் 95 வீத நம்பிக்கை ஆயிடையே (உண்மைப் பெறுமானம் இருக்கக்கூடிய வீச்சே) அதன் 0.69 மடங்கில் இருந்து 1.83 மடங்கு வரை நீளும்.

ஆகவே சோதனை தேறவில்லை என்றால் சிதறல் சமம் என்று எழுதாதீர்கள். விகிதத்தையும் அதன் ஆயிடையையும் எழுதுங்கள். செடிகளை, ரவுண்டுகளை அல்ல, திரும்பத் திரும்ப எழுமாற்றாக (குலுக்கிப் போட்டு எடுப்பதுபோல்) எடுத்து அந்த ஆயிடையைக் கணிக்கலாம்.

பெப்ரவரி 2

சோதனையைப் பற்றியே பேசி மலையை மறந்துவிட்டோம். விதை மலை ஒன்று, வீபீ மலை ஒன்று. இந்த இரண்டு மலைகளும் வேறுபடுகின்றன என்று எவ்வளவு உறுதியாகக் காட்டினாலும், விதைப் பிறப்பினால்தான் வேறுபடுகின்றன என்று அந்தச் சோதனை சொல்லாது.

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியதில் இருந்து, வெட்டுத்துண்டு முறை பரவும் வரை, இந்த மலைகளில் நட்டதெல்லாம் விதைத் தேயிலைதான். பழைய மலையில் செத்த செடிகளின் வெற்றிடங்கள் நிறைய இருக்கும். வெற்றிடத்தை அடுத்த செடிக்கு ஒளியும் மண்ணும் கூடுதலாகக் கிடைத்து அது படர்ந்திருக்கும். நெருக்கத்தில் நிற்கும் செடி ஒடுங்கியிருக்கும். அந்தச் சிதறல் வயதினால் வந்தது. இரண்டு மலைகளும் கவ்வாத்து வெட்டி எத்தனை மாதம்? முள்முருங்கை நிழல் இரண்டிலும் ஒன்றா? வீபீ மலையில், தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டீஆர்ஐ 2025 என்ற இனம் போல, ஒரே இனந்தான் இருக்கிறதா, இரண்டு மூன்று இனங்களைக் கலந்து நட்டிருக்கிறார்களா? கலந்திருந்தால் அது ஒரே தாயின் பிள்ளைகள் அல்ல, உங்கள் ஒப்பீடே மாறிவிடும். கங்காணியிடம் கேளுங்கள், அலுவலகப் பதிவில் இல்லாதது அவருக்குத் தெரிந்திருக்கும்.

பெப்ரவரி 6

முன்னே எழுதியவற்றில் இரண்டைச் சீர்செய்கிறேன்.

ஜனவரி 15இல் ஐந்து எண்களை எடுத்தேன். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் நடுவில் நிற்கும் எண்ணே இடையம், அதன் விலகல் எப்போதும் பூச்சியம். குழு மிகச் சிறிதாக இருக்கும்போது இந்தப் பூச்சியம் சோதனையைத் தேவைக்கு மேல் தயங்க வைக்கும். 0.93 என்ற விடை அவ்வளவு தாழ்வாக இருந்ததில் அதற்கும் பங்கு உண்டு. 24 செடியில் இது பெரிதல்ல.

பார்ட்லெட் சோதனையைப் பற்றிக் கடுமையாகவே பேசிவிட்டேன். ஒரே தேயிலைத் தூளின் ஈரப்பதனைப் பரிசோதனைக்கூடத்தில் மூன்று பேர் பலமுறை அளந்து யாருடைய கை நடுங்குகிறது என்று பார்க்கும்போது, பிழைகள் செவ்வன் பரம்பலை ஒட்டியிருக்கும் என்பதற்கு நல்ல காரணம் உண்டு. அங்கே பார்ட்லெட்டும் எஃப் சோதனையும் இடையச் சோதனையைவிடக் கூர்மையானவை. என் கணக்கில் அந்தச் சோதனை செய்த தீங்கை அதன் மேல் ஏற்றிப் பேசியது நியாயமில்லை; அதைப் பொருந்தாத இடத்தில் வைத்தவன் நான்.

பெப்ரவரி 11

மாணவி திருத்திய கணக்கை அனுப்பியிருக்கிறார். மூன்று ரவுண்டிலும் உறங்கிய செடி எதுவும் இல்லை, ஆகவே எல்லா மொத்தங்களுக்கும் மடக்கை எடுக்க முடிந்திருக்கிறது. செடிக்கு ஒரு எண்ணாகச் சுருக்கியதும் திசை மாறிவிட்டது; விதை மலையின் சிதறல்தான் இப்போது பெரிது. இடையத்தை வைத்த சோதனை 5 வீத மட்டத்தைத் தாண்டவில்லை. விகிதத்தின் ஆயிடை 1 என்ற எண்ணைச் சற்றே உள்ளடக்கி நிற்கிறது. வீபீ மலையில் இரண்டு இனங்கள் கலந்திருப்பதாகக் கங்காணி சொன்னாராம்.

மடக்கை எடுத்த தரவில் எஃப் சோதனை செய்தால் தேறுகிறதே, அதைப் போடலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறார். போடக் கூடாது. ஜனவரி 15இலேயே எந்தச் சோதனை என்று முடிவு செய்துவிட்டோம். 18ஆம் தேதி எந்த எண் என்றும் முடிவு செய்துவிட்டோம். அறிக்கையில் இப்படி எழுதலாம்: விதை மலையின் செடிகளுக்கு இடையிலான ஒப்பீட்டுச் சிதறல் வீபீ மலையினதைவிடப் பெரிதாகக் காணப்பட்டது, 24 செடிகளைக் கொண்டு அதை உறுதி செய்ய முடியவில்லை, வீபீ மலையில் இரண்டு இனங்கள் கலந்திருந்தன, மலைகள் ஒவ்வொன்றே. இதோடு விகிதத்தையும் ஆயிடையையும், முதலில் 72 எண்களில் செய்த கணக்கு எதிர்த்திசையில் போனதையும் சேர்த்து எழுதுங்கள்.

வீபீ மலையின் 24 செடிகளில் எது எந்த இனம் என்று இலையைப் பார்த்துச் சொல்லக் கங்காணியால் முடியும் என்றால், அடுத்த ரவுண்டு ஏறும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய்ச் செடி எண்ணுக்கு நேரே குறித்துக்கொள்ளுங்கள்.